ஒரே தையில் இரண்டு தொழில் தொடங்கினேன்

2023 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, என் மரச்செக்கை நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். 2,15,000 ரூபாய்க்கு வாங்கியது, 95,000க்குக் கொடுத்தேன். வாகை மரத்து உரலைக் கயிறு போட்டுக் கட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன். லாரி தெருமுனை திரும்பியதும் ஷெட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. 13 மாதமாகத் தோளில் இருந்த ஒன்றை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது. அந்த நிம்மதியே எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அதே ஷெட்டில் அந்த மூலையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக்கு 110 கிலோ மாவு போக வேண்டும், எழுந்து வேலையைப் பார்த்தேன்.

ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெயும் இட்லி மாவும் ஒரே மாதத்தில் தொடங்கி, ஒன்றை விற்றுவிட்டு மற்றொன்றைக் காப்பாற்றிக்கொண்டவன் நான். தொடங்கும் முன்பு இதை அனுபவித்த ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், என் மனைவியின் நகை பீரோவை விட்டு வெளியே வந்திருக்காது. அப்படிப் பேச யாரும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தேன். 2021 ஆகஸ்டில் வேலையை விட்டேன். கொரோனா காலத்தில் பாதிச் சம்பளமாக ஓடிய மாதங்கள் மனதில் ஒரு பயத்தை விட்டுப் போயிருந்தன. 'ஒரே இடத்து வருமானத்தை நம்பக் கூடாது' என்று அப்போதுதான் எனக்குள் விழுந்தது. பிற்பாடு நான் செய்த தப்பெல்லாம் அந்த ஒரு நினைப்பில் இருந்து வந்ததுதான். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டாவது வருமானம் என்றால், ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும். புதிதாகத் தொடங்கும் இரண்டு தொழில்கள் அப்படி இல்லை. இரண்டுமே முதல் ஒரு வருடம் நம்மிடம் வாங்கித்தான் சாப்பிடும். ஒன்று மற்றொன்றைத் தாங்கும் என்று நான் நினைத்தேன், இரண்டும் சேர்ந்து என் மேல்தான் சாய்ந்தன.

முதலில் எண்ணெய் மட்டும்தான் திட்டம். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காலத்தில் வீட்டில் மாட்டுச்செக்கு இருந்தது. ரீஃபைண்டு எண்ணெயை விட்டுவிட்டு மக்கள் செக்கு எண்ணெய் தேடி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் தேடியபோது 6,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன கடையும், 14,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஷெட்டும் கிடைத்தன. ஷெட் பிடித்துப்போனது. அவ்வளவு வாடகையை எண்ணெய் மட்டும் தாங்காதே என்று யோசித்தபோதுதான் மாவு உள்ளே வந்தது. என் மனைவி வீட்டில் அக்கம்பக்கத்துக்கு ஏற்கெனவே தினமும் 8 கிலோ அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அதையே பெருசாப் பண்ணிட்டா வாடகை ரெண்டுக்கும் பங்காயிரும்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏனுங்க, மொதல்ல ஒண்ண ஓட்டிப் பாத்துக்கலாமுங்களா?" என்றாள். என் மாமியாரும் அன்றைக்கு வீட்டில் இருந்தார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு ஆயிரப் போகுது மாப்பிள்ளை" என்றார். இருவருக்கும் நான் நோட்டில் போட்ட கணக்கைக் காட்டினேன். நோட்டில் எல்லாமே சரியாக வந்தது.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வாடகை, கரண்ட், வண்டி, ஆள் என்று செலவையெல்லாம் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். என் நேரம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இரண்டு தொழில் யோசிப்பவர்கள் பணக் கணக்குப் போடும் முன்பு ஒரு தாளில் காலை 3 மணி முதல் இரவு 11 மணி வரை மணிவாரியாகக் கோடு போட்டு, எந்தத் தொழிலுக்கு எந்த மணியில் நீங்களே நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். நான் எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று சொல்கிறேன். மாவுக்கு முற்பகலில் அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். மாலை மூன்றரைக்கு அரைக்கத் தொடங்கினால் எட்டு மணி ஆகும். இரவு டிரம்மில் புளிக்கவிட்டு, அதிகாலை மூன்றரைக்கு எழுந்து பாக்கெட் போட்டு, ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டு மணிக்குக் கடைகள் முடியும். செக்குக்குக் காலை 9 மணிக்குப் பருப்பைக் காயப்போட்டு ஆட்டத் தொடங்க வேண்டும். எண்ணெய் வாங்குகிறவர்கள் வருவதோ மாலை 5 முதல் 7 வரை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில். வந்ததும் வாங்கிப் போக மாட்டார்கள். பருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், எங்கிருந்து வாங்கினது, கலப்படம் இல்லையே என்று கேட்பார்கள். அந்தப் பேச்சில்தான் வியாபாரமே இருக்கிறது. அதே 5 முதல் 7 வரைதான் கிரைண்டரில் உளுந்து பொங்கிவரும் பதம் பார்க்க வேண்டிய நேரம். இரண்டு தொழிலுக்கும் உயிரான மணி ஒன்றாகவே இருந்தது. அதை நான் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

பணம் போன வழியைச் சொல்கிறேன். சேமிப்பும் பி.எஃப் பணமும் சேர்த்து 5,60,000. மனைவியின் 12 பவுனை அடகு வைத்து 3,00,000. முத்ரா கடன் 4,00,000, மாதத் தவணை 8,700 ரூபாய். செக்கு 2,15,000, சாய்த்து ஊற்றும் 20 லிட்டர் கிரைண்டர் இரண்டு 96,000, பழைய ஃப்ரிட்ஜ் 42,000, பத்து மாத வாடகை முன்பணமாக 1,40,000, மும்முனை இணைப்பு, வயரிங், தரை டைல்ஸ் எல்லாம் சேர்த்து 1,10,000. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் 28,000. பாட்டில், கவர், சீல் போடும் மெஷின், போர்டு 55,000. கொப்பரை, நிலக்கடலைப் பருப்பு, எள் வாங்கிப்போட்டது 2,50,000. மீதி மூன்று லட்சத்துச் சொச்சம் ஆறு மாதச் செலவுக்கு என்று வைத்தேன். ஜூலையிலேயே முடிந்துவிட்டது. மாவு மட்டும் தொடங்கியிருந்தால் சின்ன கடை முன்பணத்தோடு 3 லட்சத்தில் முடிந்திருக்கும். கடனும் வேண்டாம், அடகும் வேண்டாம்.

2022 ஜனவரியில் ஞாயிறு ஊரடங்கும் இரவு ஊரடங்கும் இருந்ததால், தை கடைசியில், பிப்ரவரி முதல் வாரத்தில்தான் பால் காய்ச்சினோம். முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் எண்ணெய் வாங்கினார்கள், மாவும் வாங்கினார்கள். "ரெண்டு தொழில் முதலாளி" என்று சித்தப்பா எல்லோரிடமும் சொன்னார். முதல் மாத விற்பனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது நம் மேல் உள்ள பிரியத்தில் நடக்கிற விற்பனை. மூன்றாவது மாதம், முகம் தெரியாத எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்பதுதான் கணக்கு.

ஏப்ரலில் ஈரோட்டு வெயில் தொடங்கியது. எங்கள் ஊர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு மாவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு வைத்த மாவு இரண்டு மணிக்கே பொங்கி வழிந்தது. கடைக்குப் போன பாக்கெட் மத்தியானத்துக்குள் பலூன் மாதிரி உப்பியது. கிலோ பாக்கெட்டைக் கடைக்கு 30 ரூபாய்க்குப் போட்டேன். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 23 ரூபாய் ஆகும். ஒரு பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் மூன்று பாக்கெட் லாபம் போச்சு. ஏப்ரலில் சில நாள் 20 பாக்கெட் வரை திரும்பியது. இதைச் சரி செய்ய வழி உண்டு. ஊறவைக்கும் நேரத்தைக் குறைக்கலாம், ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கலாம், பாக்கெட்டைப் புளிக்கும் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், ஃப்ரிட்ஜ் இல்லாத கடைக்குப் பாதி அளவுதான் போட வேண்டும். இதையெல்லாம் நான் ஜூன் மாதம்தான் கற்றுக்கொண்டேன். ஏப்ரலிலேயே கற்றிருக்கலாம். ஆனால் அந்த மாதம் என் கவனம் முழுக்கக் கொப்பரையில் இருந்தது.

கொப்பரைக் கதை இது. அவல்பூந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏல விலையைப் பார்த்து, ஒரு வியாபாரி வழியாகக் கிலோ 95 ரூபாய்ச் சுமாருக்கு 1,400 கிலோ வாங்கிப்போட்டேன். உக்ரைன் போர் தொடங்கியதும் சமையல் எண்ணெய் விலை எல்லாம் ஏறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. சரக்கு வாங்கி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். கொப்பரை மட்டும் அந்த வழிக்கு வரவில்லை. அந்த வருடம் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 10,590 ரூபாய். சந்தை விலை அதற்கும் கீழே போனதால், விவசாயிகளிடம் அரசே கொள்முதல் செய்ய வேண்டியதாயிற்று. என் சரக்கு 95-இல் கிடக்க, விலை 80-ஐ ஒட்டி இறங்கியது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.7 கிலோ கொப்பரை வேண்டும். புண்ணாக்குக் காசைக் கழித்தும், அன்றைக்கன்றைக்குக் கொப்பரை வாங்கி ஆட்டுகிறவர் என்னைவிட லிட்டருக்கு 20, 25 ரூபாய் குறைத்துக் கொடுக்க முடிந்தது. என் கடைக்கு எதிரிலேயே ஒருவர் அப்படிக் கொடுத்தார்.

இதில் எனக்கு உறைத்த விஷயம், இரண்டு தொழிலின் காசும் வேறு வேறு வேகத்தில் ஓடுகிறது என்பது. மாவில் இன்று போட்ட காசு நாளை மறுநாள் திரும்பிவிடும். எண்ணெயில் போட்ட காசு சரக்காக மூட்டைக்குள் மூன்று, நான்கு மாதம் தூங்கும். ஒரே பையில் இரண்டையும் வைத்தால், வேகமாக வரும் காசு தூங்கும் இடத்தை நோக்கியே ஓடும். மாவுக்கு இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டிய பணத்தில் நான் எள் வாங்கினேன். அந்த ஃப்ரிட்ஜ் இருந்திருந்தால் ஏப்ரல், மே ரிட்டர்னில் பாதியாவது தப்பியிருக்கும்.

மே மாதத்தில் ஒருநாள், வாரம் 140 கிலோ மாவு வாங்கிய ஒரு மெஸ்ஸில் இருந்து போன் வந்தது. "தம்பி, மாவுல தேங்காயெண்ணெய் வாசம் வருது" என்றார்கள். ஓடிப் போய் மோந்து பார்த்தேன், உண்மைதான். செக்குக்கும் மாவு டிரம்முக்கும் நடுவில் ஒரு தட்டிதான் இருந்தது. மாவு பக்கத்து வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்று வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். என் மனைவியும் முதல் வாரமே சொன்னாள். நான்தான் சுவர் எழுப்பும் செலவைத் தள்ளிப்போட்டேன். 20 கிலோ திரும்ப வந்தது, அந்த மெஸ்ஸும் போனது. பிறகு 18,000 ரூபாய் செலவில் தடுப்புச் சுவர் கட்டினேன். ஷெட்டை இரண்டாகப் பிரித்ததும் இரண்டு பக்கமும் இடம் பற்றாமல் போனது. 'ஒரே இடம், ஒரே வாடகை' என்ற என் முதல் காரணம் அன்றோடு முடிந்தது.

அந்த அலைச்சலில் ஜூனில் பெய்த மழையைக் கவனிக்கவில்லை. கொப்பரையை வெயில் வரும்போதெல்லாம் எடுத்துக் காயப்போட்டு, ஈரம் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மூன்று வாரம் மூட்டையைத் திறக்கவே இல்லை. திறந்தபோது 380 கிலோவில் பூஞ்சணம். சோப்பு எண்ணெய்க்கு வாங்குகிறவர் கிலோ 45-க்கு எடுத்துக்கொண்டார். செக்கு ஓட்டிய அண்ணன் என்னிடம், "நீங்க ரெண்டு பக்கமும் ஓடறீங்க, ஒரு பக்கமும் நிக்க மாட்டேங்கறீங்க" என்றார். கோபம் வந்தது, பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அரசாங்கத் தாள்கள் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இதில் போன காசு குறைவு, தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். நான் தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்தேன். ஒரு தொழிலுக்கு ஒன்று என்று இரண்டு எடுக்கவும் கேட்டேன். ஒருவர் பெயரில் தனி உரிமையாக நடத்தினால் ஒரே உத்யம்தான், அதற்குள்ளேயே எத்தனை தொழில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டியும் அப்படித்தான். பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரம்பு என்பது கடைக்குக் கடை தனியாகக் கிடையாது. ஒரே பான் எண்ணில் உள்ள எல்லா விற்பனையையும் கூட்டிப் பார்ப்பார்கள். நான் அந்த வரம்பைத் தொடவில்லை. என்னைத் தொட்டது உணவுப் பாதுகாப்பு உரிமம். அப்போதைய விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை 100 ரூபாய்ப் பதிவு போதும், அதற்கு மேல் மாநில உரிமம் வாங்க வேண்டும். மாவு தனியாக 12-க்குள், எண்ணெய் தனியாக 12-ஐ ஒட்டி. ஒரே இடத்தில் ஒரே ஆள் நடத்துவதால் கூட்டினால் 20-ஐத் தாண்டியது. சுவர் கட்டும் வேலையும், உரிமம் மாற்றும் வேலையும் ஒரே மாதத்தில் வந்தன. வரம்புகள் அவ்வப்போது மாறும், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தவறவிட்ட இன்னொன்று மானியம். சிறு உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை அப்போது மானியம் இருந்தது. அது வங்கிக் கடனோடு சேர்ந்து வருவது. மெஷினைக் கைக்காசில் வாங்கி ஓட்டிக்கொண்டே போய்க் கேட்டேன், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்கும். இரண்டு தொழிலையும் தைக்குள் தொடங்கிவிட வேண்டும் என்ற வேகத்தில் அந்த ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் நான் வீட்டில் யாரிடமும் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஷெட் எப்போதும் பரபரப்பாக இருந்தது. கல்லாவில் தினமும் காசு இருந்தது. மாதக் கடைசியில் தவணை கட்டும்போது மட்டும் இருக்காது. எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. 11 வருடம் கொள்முதல் கணக்குப் பார்த்தவன், என் சொந்தக் கணக்கு தெரியாமல் இரவில் விழித்துக் கிடந்தேன். மின்கட்டணமும் செப்டம்பரில் உயர்ந்தது. அந்த மாதம் என் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணம். என் மனைவி கவரிங் போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் கவனிக்காத மாதிரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே பந்தியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சி எனக்கு இன்றுவரை போகவில்லை.

வழி கண்டுபிடித்தது அவள்தான். கல்யாணத்துக்கு மறுவாரம் இரண்டு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் மாவுக் காசு, ஒன்றில் எண்ணெய்க் காசு. செலவும் அந்தந்த டப்பாவில் இருந்துதான் எடுக்க வேண்டும். வாடகையை இடத்தின் அளவுக்கு ஏற்பவும், தவணையையும் அடகு வட்டியையும் எதற்காக வாங்கினோமோ அதற்கு ஏற்பவும் பிரித்தோம். ஜிபே-க்கு அவள் பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி, எண்ணெய்க்கு என்று தனி ஸ்கேன் அட்டை ஒட்டினோம். 60 நாள் கழித்து உட்கார்ந்து பார்த்தோம். மாவு எல்லாம் போக மாதம் 19,000 கொடுத்தது. எண்ணெய் மாதம் 11,000 தின்றது. இத்தனைக்கும் என் உழைப்புக்குக் கூலி என்று ஒரு ரூபாயும் எழுதவில்லை. ஒன்பது மாதமாக மாவுக் காசு எண்ணெயின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததால், ஓட்டை இருப்பதே கண்ணுக்குப் படவில்லை. இரண்டு தொழிலை ஏற்கெனவே ஒன்றாக நடத்திக்கொண்டிருப்பவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும், நாளைக் காலையில் இரண்டு டப்பா வையுங்கள்.

கணக்கு தெரிந்த பிறகும் எனக்கு எண்ணெயை விட மனசு வரவில்லை. அது அப்புச்சி தொழில், மாவு வாடகைக்காக வந்தது என்பதே என் நினைப்பாக இருந்தது. நவம்பரில் எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்தேன். மனைவியும், அரைக்க வரும் அக்காவும் சேர்ந்து பாதி அளவு மாவைப் போட்டு ஓட்டினார்கள். டெலிவரியை அக்காவின் மகன் பார்த்துக்கொண்டான். செக்கு ஒன்பது நாளும் பூட்டிக் கிடந்தது. மாவுக் கடைக்காரர்கள் தினமும் போன் செய்து, "எப்ப முழுசாப் போடுவீங்க" என்று கேட்டார்கள். எண்ணெய் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. படுக்கையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளில்தான் முடிவு எடுத்தேன். எதை மூடுவது என்று குழம்பும்போது லாபத்தை மட்டும் பார்த்தால் மனசு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் ஒரு வாரம் இல்லாவிட்டால் எதைத் தேடிப் போன் வருகிறது, எது நான் இல்லாமல் பாதியாவது ஓடுகிறது என்று பாருங்கள். அதற்காகக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் வேண்டுமென்றே விலகி நின்று பார்க்கலாம்.

மூடுவதற்கும் நான்கு மாதம் ஆனது. இருந்த பருப்பை ஆட்டி விற்றுத் தீர்த்தோம். செக்கு ஓட்டிய அண்ணனுக்கு வேறு இடத்தில் வேலை சொல்லி விட்டேன். முழு நஷ்டத்தை எழுதிப் பார்த்தேன். செக்கில் 1,20,000. சரக்கில் 78,000. சின்ன கடையைவிட மாதம் 8,000 அதிகம் கொடுத்த வாடகை 13 மாதத்துக்கு 1,04,000. செக்குக்கென்று செய்த வயரிங், மேடை 35,000. அடகு வட்டி சுமார் 30,000. எண்ணெய்க் கடன் வசூலாகாமல் நின்றது 27,000. மொத்தம் 3,94,000 ரூபாய். ஆட்கூலியை மட்டும் எண்ணெய் விற்ற காசு கட்டிவிட்டது.

செக்கு வாங்காமலேயே எண்ணெய் வியாபாரத்தைச் சோதித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். எங்கள் பக்கத்தில் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்குகள் எத்தனையோ இருக்கின்றன. 50 கிலோ பருப்பைக் கொண்டுபோய் ஆட்டிவந்து, மாவு வாங்குகிறவர்களிடம் பாட்டிலில் கொடுத்துப் பார்த்திருந்தால் மூன்று மாதத்தில், 10,000 ரூபாய் செலவில் பதில் தெரிந்திருக்கும். இரண்டாவது தொழில் ஆசை வந்தவர்கள் அதை வாடகை மெஷினிலோ, அடுத்தவர் கூலியிலோ செய்து பாருங்கள். அப்படிச் செய்ய முடியாத தொழிலாக இருந்தால், முதல் தொழில் நீங்கள் இல்லாமல் ஒரு மாதம் நிற்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

எல்லோருக்கும் ஒன்றுதான் சரி என்று சொல்ல மாட்டேன். காங்கேயத்தில் என் மாமா ஒருவர் தேங்காய் வியாபாரமும் கொப்பரைக் களமும் சேர்த்தே தொடங்கினார், இன்றும் நன்றாக நடத்துகிறார். உரித்த தேங்காயில் விற்காதது களத்துக்குப் போகும், சிரட்டை கரி சுடுகிறவருக்குப் போகும், மட்டை கயிறு திரிப்பவருக்குப் போகும். ஒரே சரக்கு, அதே ஆட்கள், அதே முற்றம். பெயர்தான் இரண்டு. புருஷன் பெஞ்சாதி இரண்டு பேரும் முழுநேரமாக நின்று, ஆளுக்கு ஒன்றை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டாலும் நடக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நானே முதலாளியாக இருந்தேன், என் மனைவி இரண்டுக்கும் உதவியாளாக இருந்தாள். அது என் தப்பு. இப்போது மாவு அவள் பெயரில், அவள் முடிவில் நடக்கிறது.

சின்ன கடைக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் 180 கிலோ போகிறது. 12 பவுனில் 8 பவுன் திருப்பிவிட்டோம், மீதி 4 பவுன் அடுத்த தைக்குள் வந்துவிடும். போன மாதம் இட்லிப் பொடி போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியிடம் சொன்னேன். சனிக்கிழமை மட்டும், 20 பாக்கெட் மட்டும், வீட்டு மிக்ஸியிலேயே அரைத்து, ஆறு மாதம் பார்க்கலாம் என்றாள். பொடிக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவும் எடுத்து வைத்திருக்கிறாள். இந்த வாரம் 14 பாக்கெட் போயிற்று.